கோழியைக் கருவாடாக நினையுங்கள்

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு, சேதராப்பட்டில் வேலை. வீட்டில் நீங்கள், மனைவி, அம்மா, எட்டு வயது மகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழு கிரில் சிக்கன் ஒன்று வாங்குகிறீர்கள். ஒன்பது மணிக்குள் எலும்புதான் மிஞ்சுகிறது. வார நாட்களில் நீங்களும் மனைவியும் ஏழரைக்கு மேல்தான் வீடு திரும்புவதால், பாதி நாள் பரோட்டா பார்சலில் பணம் கரைகிறது. அந்த ஒரு கோழியை வைத்தே வார இரவுகளைச் சமாளிக்க முடியுமா என்பது கேள்வி. செவ்வாயும் வெள்ளியும் அம்மா கவிச்சி தொடமாட்டார் என்பது கூடுதல் சிக்கல்.

முடியும். ஞாயிறு, திங்கள், புதன், வியாழன் என்று நான்கு இரவுக்கு வரும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பன்னிரண்டு ஆண்டுகள் சின்ன மெஸ் நடத்தியவள் நான். எண்ணி வாங்கிய கறியை எண்ணாமல் பரிமாறுவதுபோல் காட்டுவதுதான் அந்தத் தொழிலில் பாதி வித்தை.

கோழியை நான்கு பங்காகப் பிரித்து நாளுக்கு ஒரு பங்கு தட்டில் வைத்தால் திட்டம் திங்கட்கிழமையே கவிழ்ந்துவிடும். ஆளுக்கு இரண்டு துண்டு விழும். துண்டைப் பார்த்ததும் மனம் எண்ணத் தொடங்கும், எண்ணத் தொடங்கினால் போதவே போதாது. கடலூர் முதுநகர்ப் பக்கம் எந்த வீட்டிலும் பாருங்கள்: நான்கு துண்டு வாளைக் கருவாடு, நான்கு கத்தரிக்காய், ஒரு மாங்காய், ஒரு கைப்பிடி பலாக்கொட்டை. ஆறு பேர் இரண்டு வேளை சாப்பிடும் குழம்பு அது. கருவாட்டுத் துண்டு தன் தட்டில் விழவில்லையே என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை, சட்டி முழுவதும் கருவாடு மணக்கிறது. கிரில் சிக்கனையும் திங்கள் முதல் அப்படித்தான் நடத்த வேண்டும். உப்பும் மசாலாவும் ஏறி, நீர் வற்றி, அனலில் நிறம் பிடித்த கறி அது. பச்சைக் கறியில் நூறு கிராம் போட்டால் குழம்பில் காணாமல் போகும். இதில் நூறு கிராம் போட்டால் சட்டி அறியும்.

காசுக்கணக்கில் ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பச்சைக் கறி வாங்கி வீட்டில் சமைப்பது இதைவிட மலிவு. பச்சைக் கறி விலை பல்லடத்துக் கோழிப்பண்ணை நிலவரத்தைப் பார்த்து ஏறி இறங்கும், புரட்டாசியில் நன்றாகவே இறங்கும். கிரில் கடைப் பலகையில் எழுதிய விலையோ மாதக்கணக்கில் அசையாது. ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது பச்சைக் கறியோடு அல்ல, அந்தப் பரோட்டா பார்சலோடு. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை வாங்கத்தான் போகிறீர்கள். அந்தச் செலவிலிருந்து இன்னும் மூன்று இரவைக் கறக்க முடியுமா என்பதுதான் பேச்சு.

வாங்கும்போதே வேலை தொடங்குகிறது. கம்பியிலிருந்து அப்போதுதான் இறக்கிய கோழியாகக் கேளுங்கள். ஐந்து மணிக்குச் சுட்டு இறக்கித் தட்டில் ஆறிக்கிடப்பதை எட்டு மணிக்கு வாங்கினால், அதன் ஆயுளில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். அடுத்து, 'வெட்ட வேண்டாம், முழுதாகக் கட்டுங்கள்' என்று சொல்லுங்கள். கடைக்காரர் கத்தியால் நான்கு போடு போட்டால் எலும்பு நொறுங்கி, சிம்பு சதைக்குள் புகுந்துவிடும். பிறகு அதை உதிர்த்துக் குழந்தைக்குக் கொடுக்க உங்களுக்கே பயமாக இருக்கும். மயோனைசை வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். பச்சை முட்டையில் அடித்த மயோனைசுக்குத் தமிழ்நாட்டு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. காரணம் அதில் வளரும் கிருமி. எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கு வந்துவிட்டால் கிருமிக்குச் சட்டம் தெரியுமா என்ன! கெட்டித் தயிரில் பூண்டும் மிளகும் நசுக்கிப் போட்டுக்கொண்டால் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் பசியோடு இருப்பீர்கள். இருந்தாலும் பதினைந்து நிமிடம் பொறுங்கள். கோழியைச் சூடு தணியாமல் உதிர்க்க வேண்டும். ஆறிவிட்டால் சதை எலும்பைப் பிடித்துக்கொள்ளும், பிய்க்கப் பிய்க்கத் தூளாகும்.

ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் பொட்டலத்தைப் பிரியுங்கள். அலுமினியத் தாளின் அடியில் பழுப்பாக இரண்டு மூன்று கரண்டிச் சாறு தேங்கி நிற்கும். பலரும் தாளோடு சுருட்டிக் குப்பையில் போடுவது அதைத்தான். அதை ஒரு கிண்ணத்தில் வடித்து வையுங்கள். கையை நன்றாகக் கழுவிவிட்டு, கால் இரண்டையும் தொடைமூட்டில் வெளிப்பக்கமாகத் திருகுங்கள், 'டக்' என்று கழன்று வரும். லெக் பீஸ் இரண்டையும் அப்படியே எடுத்து வையுங்கள், அவை உங்கள் மகளுக்கு. குழந்தையின் கையில் எலும்போடு ஒரு துண்டு இல்லாவிட்டால் ஞாயிறு ஞாயிறாக இராது. தொடைச் சதையை மட்டும் எலும்பிலிருந்து உருவிக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கறியை நடு எலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலை விட்டு நெம்பினால் இரண்டு பாளமாக வரும். அதை நரம்பு ஓடும் திசையிலேயே விரல் பருமனுக்குக் கிழியுங்கள், கத்தி வேண்டாம். கிழித்த சதையில் மசாலா பிடிக்கும், வெட்டிய சதையில் வழுக்கும். கடைசியாகக் கோழியைக் குப்புறப் போட்டு இடுப்பெலும்பைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் குழியில் ஒளிந்தாற்போல் கொட்டைப்பாக்கு அளவுக்கு இரண்டு சதை உருண்டை இருக்கும். கோழியிலேயே மெத்தென்றது அதுதான். உதிர்த்தவருக்குக் கூலியாக அதை வாயில் போட்டுக்கொள்ளலாம். நான் ஒருநாளும் யாருக்கும் பரிமாறியதில்லை.

உட்காருவதற்கு முன்பே உதிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடித்துப் போட்ட எலும்பை வைத்துச் சாறு இறக்கினால் உங்கள் அம்மா அந்தப் பக்கமே திரும்பமாட்டார். எச்சில் எச்சில்தான், எத்தனை விசில் விட்டாலும். முன்கூட்டியே உதிர்த்துவிட்டால் முதுகெலும்பு, நெஞ்செலும்பு, தொடையெலும்பு எல்லாம் வாய் படாமல் சுத்தமாகக் கைக்கு வரும். மகள் கடித்த எலும்பைத் தெருநாய்க்கும் போடாதீர்கள். வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து அதன் தொண்டையைக் கிழிக்கும்.

நான் ஒருமுறை தராசில் வைத்தே பார்த்தேன். முழுக் கோழி 780 கிராம் இருந்தது. அதில் சதை 460, எலும்பு 230, தோல் 90. சதையில் கால், தொடை இரண்டும் சேர்ந்து 190, இறக்கை 40, நெஞ்சு 190, முதுகில் சுரண்டியது 40. உங்கள் கடைக் கோழி கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம், விகிதம் ஏறக்குறைய இதுதான். ஞாயிறு இரவுக்குக் காலும் தொடையும் இறக்கையும், அதாவது பாதிக் கோழி. அன்று கை தாராளமாக இருக்கட்டும். திங்கட்கிழமைக்கு முதுகுச் சதை முழுவதும், நெஞ்சில் 50 கிராமும். புதனுக்கு 70, வியாழனுக்கு 70.

ஏன் காலை முதலில் தீர்க்கச் சொல்கிறேன் என்றால், பழைய கறி வாடை முதலில் ஏறுவது அங்கேதான். வெந்த கறியை எடுத்து வைத்து மறுநாள் சூடாக்கினால் ஈர அட்டைபோல ஒரு வாடை வருமே, அது கறியில் உள்ள கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடுவதால் வருவது. சதையில் இருக்கும் இரும்புச்சத்து அதை விரைவுபடுத்துகிறது. காலும் தொடையும் கருஞ்சதை. இரும்பும் கொழுப்பும் அதில் அதிகம். நெஞ்சுக்கறியில் இரண்டும் குறைவு, அதனால் அது பொறுத்திருக்கும். ஆனால் நெஞ்சுக்கறிக்கு வேறு குணம் உண்டு: மறுபடி வேகவைத்தால் தேங்காய் நார்தான். அதனால்தான் அதைக் குழம்பிலோ, முட்டையிலோ, மாவிலோ ஒளித்து வைக்கிறோம்.

மூன்று நாளைக்கும் மூன்று டப்பா. திங்கள், புதன் டப்பாக்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் உள்பக்கமாக. கதவுத் தட்டு வேண்டாம், அது திறக்கும்போதெல்லாம் சூடாகும். வியாழன் டப்பா ஃப்ரீசருக்கு. சமைத்த கோழி நல்ல குளிரில், அதாவது 4 டிகிரி அளவில், மூன்று நான்கு நாள் தாங்கும். புதன் வரை கவலை இல்லை, வியாழனன்று எல்லைக்கோட்டில் நிற்கும். நம் ஊரில் ஃபிரிட்ஜை நாளுக்கு முப்பது முறை திறக்கிறோம், மின்சாரமும் அவ்வப்போது கண் சிமிட்டுகிறது. எல்லைக்கோட்டில் நிற்பதை நான் நம்புவதில்லை. வியாழன் காலை வேலைக்குக் கிளம்பும்போது அந்த டப்பாவை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டுப் போங்கள், மாலைக்குள் இளகியிருக்கும். வெளியே வைத்து இளக்க வேண்டாம். வெயில் காலத்தில் சமைத்த கறி வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது, மற்ற நாளில் இரண்டு மணி.

மின்சாரம் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் ஆனால் கறியைத் துறந்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தபோது, மெஸ்ஸின் ஃப்ரீசரில் இருந்த கறி அத்தனையும் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தேன். மனம் ஆறவில்லைதான். ஆனால் அதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன், அதைக் கீழே சொல்கிறேன்.

எலும்புச் சாற்றை ஞாயிறு இரவே இறக்கிவிட வேண்டும், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அது அடுப்பில் இருக்கட்டும். எலும்பு, தோலில் கருகாத பகுதி, தாளிலிருந்து வடித்த சாற்றில் இரவுச் சாப்பாட்டுக்கு எடுத்தது போக மிச்சம், ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிளந்த வெங்காயம் ஒன்று, தட்டிய இஞ்சி, பத்து மிளகு. கருகிய தோலைப் பிய்த்து எறியுங்கள், அது கசக்கும். உப்புப் போடவே கூடாது, கடைக்காரர் போட்டதே போதும். குக்கரில் ஒரு விசில் வந்ததும் தணலைக் குறைத்து 35 நிமிடம். வடிகட்டினால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட நிற்கும். கடைக்கு வரும் கறிக்கோழி ஆறு வாரக் குஞ்சுதான், எலும்பெல்லாம் இளசு, மூட்டெல்லாம் குருத்து. அதனால் மறுநாள் காலை பார்த்தால் சாறு நுங்குபோல உறைந்து ஆடும். ஆடினால் வெற்றி. மேலே படிந்த கொழுப்பை வழித்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை தாளிக்க எண்ணெய் பாதி மிச்சம்.

இனி நான் பட்டது. மெஸ் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, ஒரு கோடை இரவு, பெரிய தவலையில் எலும்புச் சாறு இறக்கி, ஆறட்டும் என்று மூடி அடுப்படியிலேயே விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் ஓரத்தில் லேசாக நுரை கட்டியிருந்தது. கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று தளதளவென்று கொதிக்கவிட்டு, ருசி பார்க்க அரைக் கரண்டி குடித்தேன். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. பரிமாறுவதற்கு முன் நானே குடித்தது யார் செய்த புண்ணியமோ! கொதியில் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் கக்கி வைத்த நஞ்சு சாகாது. வேறு சில கிருமிகளின் வித்து கொதியையும் தாங்கிக்கொண்டு, சட்டி மெல்ல மெல்ல ஆறும்போது முளைத்துவிடும். 'சூட்டோடு ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது' என்று நாம் சொல்லிக்கொண்டு திரிவது பாதிதான் சரி. விடியும்வரை ஆறவிடுவது அதைவிடப் பெரிய தப்பு. சாற்றை அகலமான இரண்டு பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் இறக்கிவைத்துக் கரண்டியால் கிண்டிவிடுங்கள். தண்ணீரை ஒருமுறை மாற்றினால் அரைமணி நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். உடனே உள்ளே வைத்துவிடலாம்.

ஞாயிறு இரவுச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புதுச்சேரியில் இருந்துகொண்டு குபூசுக்காக ஏங்காதீர்கள், மிஷன் வீதிப் பக்கம் பேக்கரிகளில் நீள ரொட்டி கிடைக்கும். அதைப் பிளந்து, தயிர்ப் பூண்டு தடவி, தொடைச் சதையும் வெங்காயமும் வெள்ளரிக்காயும் வைத்து, ஒரு கரண்டி தாள் சாற்றை உள்பக்கம் விட்டால் ரொட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும். அம்மாவுக்குத் தோசைதான் வேண்டும் என்றால் தோசை. எதுவாக இருந்தாலும் கோழியோடு வயிறு நிறைக்க ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் கோழியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தால், யானை வாய்க்குப் போன கரும்புதான்.

திங்கட்கிழமைக் குழம்புதான் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. இதற்குச் சுட்ட கோழியும் வேண்டும், பண்ருட்டியும் வேண்டும், வடகமும் வேண்டும். மூன்றும் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

பலாக்கொட்டை இருபது. பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் பெரிய மார்க்கெட்டில் தனியாகவே கூறு கட்டி விற்பார்கள். சுளை தின்ற வீடுகளில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். மேல்தோலை நீக்கி, பழுப்புத் தோலைக் கொஞ்சம் சுரண்டி, ஞாயிற்றுக்கிழமையே மூன்று விசில் வேகவைத்து எடுத்து வையுங்கள். பருவம் இல்லாத நாளில் உருளைக்கிழங்கு, அல்லது முருங்கைக்காயும் கத்தரிக்காயும். சின்ன வெங்காயம் பதினைந்தை ஞாயிறு மத்தியானமே உரித்துவிடுங்கள். வேலை முடிந்து வந்த மனிதன் ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பதைப் பார்த்தால் எனக்கே மனம் கேட்காது.

வழித்து வைத்த கோழிக் கொழுப்பில் வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி வதங்கட்டும். குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி. தூள் பச்சை வாடை போனதும் எலும்புச் சாற்றில் 700 மில்லி ஊற்றி, பலாக்கொட்டையையும் காயையும் போட்டுக் கொதிக்கவிடுங்கள். புளி வழக்கத்தில் பாதி போதும், சுட்ட கோழியில் ஏற்கெனவே எலுமிச்சையோ தயிரோ ஏறியிருக்கும். இரண்டு கரண்டி தேங்காயோடு பத்து உடைந்த முந்திரியை அரைத்து ஊற்றுங்கள். பண்ருட்டி முந்திரியில் முழுசைவிட உடைசல் மலிவு, அரைபடப் போகிற முந்திரி முழுசாக இருந்து என்ன பயன்? குழம்பு கெட்டிப்பட்டு எண்ணெய் பிரியும்போதுதான் கோழிச் சதையைப் போட வேண்டும். போட்டபின் நான்கு நிமிடம், நடுவிலும் குமிழி வெடிக்கும்படி நன்றாகக் கொதித்தால் போதும். முதலிலேயே போட்டீர்களானால் சக்கைதான் மிஞ்சும்.

இப்போது வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, நாள்தோறும் வெயிலில் வைத்து எடுத்து மறுபடி உருட்டி வைக்கும் தாளிப்பு வடகம். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வீடுகளில் ஆண்டு முழுக்கப் பானையில் இருப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இதை இங்கிருந்து எடுத்துப்போய் 'வடுவான்' என்று பெயர் வைத்து மசாலாத்தூளாக்கி விற்கிறார்கள். நமக்கு அந்தத் தூள் வேண்டாம், உருண்டையே போதும். நல்லெண்ணெயில் அரை உருண்டையை உதிர்த்துப் போட்டு, வெங்காயம் கருஞ்சிவப்பாகி வெடிக்கும்போது குழம்பில் கொட்டி உடனே மூடுங்கள். இரண்டு நிமிடம் திறக்காதீர்கள். திறக்கும்போது அந்தக் குழம்பில் 90 கிராம் கோழிதான் இருக்கிறது என்று உங்கள் மனைவியிடம் சொன்னால் நம்பமாட்டார்.

குழம்பு மிஞ்சினால் செவ்வாய்க்கிழமை உங்களுக்கும் மனைவிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆகும். அம்மாவுக்கு அன்று வேறு சட்டி, வேறு கரண்டி. அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புதன்கிழமை வேலை குறைவு. மிச்சச் சாற்றில் ஒரு பெரிய கைப்பிடி முருங்கைக்கீரை, நசுக்கிய மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் மஞ்சள்தூள். பத்து நிமிடத்தில் ரசமும் ஆகாத, சூப்பும் ஆகாத ஒன்று தயார். சுடுசோற்றில் விட்டுப் பிசையலாம், தம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ள முட்டைப் பொடிமாஸ்: வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, 70 கிராம் கோழியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஆவி பறக்கச் சூடேறிய பிறகு நான்கு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். மிளகைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டாம், தாராளமாகப் போடுங்கள். நான் முன்னே சொன்ன அந்தப் பழைய வாடைக்கு மிளகும் பூண்டும் நல்ல எதிரிகள்.

இங்கே சத்துக் கணக்கையும் ஒரு வரி பார்த்துவிடுவோம். நூறு கிராம் வெந்த நெஞ்சுக்கறியில் புரதம் ஏறக்குறைய 30 கிராம். 70 கிராமை நான்கு பேர் தின்றால் ஆளுக்கு ஐந்து கிராம்தான் விழும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. ஆக, புதன்கிழமை உடம்பை நிறுத்துவது முட்டை. கோழி வெறும் வாசனை. கோழியைக் கருவாடாக்கினால் வேறொன்று கறியின் வேலையைச் செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வளரும் குழந்தை இருக்கும் வீட்டில் முட்டையோ பருப்போ சுண்டலோ அந்த இரவுகளில் இருந்தே ஆக வேண்டும்.

வியாழனுக்கு ஞாயிறு அரைத்த தோசைமாவின் அடிமாவு. நான்கு நாள் ஆகியிருக்கும், நன்றாகப் புளித்திருக்கும். அம்மா அதை ஊத்தப்பத்துக்கு என்று ஒதுக்கியிருப்பார். அதில் கடைசி டப்பாக் கோழியை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு உதிர்த்து, பொடி வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இருந்தால் துருவிய கேரட்டோடு கலந்து குழிப்பணியாரமாக ஊற்றுங்கள். மூடிபோட்டுச் சிறு தணலில் நிதானமாக வேகட்டும், உள்ளேயும் ஆவி பறக்க வேண்டும். புளித்த மாவும் சுட்ட கோழியும் சேரும்போது வரும் ருசிக்கு என் மெஸ்ஸில் தனிக் கூட்டமே இருந்தது. இருபத்தைந்து முப்பது பணியாரம் வரும். தக்காளிச் சட்னி போதும். மகளுடைய பள்ளிக்கு மறுநாள் கொடுத்தனுப்பலாம் என்று நான்கை எடுத்து வைக்க நினைப்பீர்கள், வேண்டாம். ஒருமுறை சுட்டு, உறைய வைத்து, இளக்கி, மறுபடி சூடாக்கிய கோழி அது. அன்றைக்கே தீர வேண்டும். இது எல்லா நாளுக்கும் பொருந்தும்: அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள், சூடாக்கியதைத் திரும்பவும் உள்ளே வைத்துத் திரும்பவும் சூடாக்காதீர்கள். திங்கள் குழம்புக்கு மட்டும் விலக்கு: செவ்வாய்க்கு என்று எடுப்பதை இறக்கிய கையோடு தனியாக எடுத்து, ஆற்றி, உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் காலை அதைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி ஃபிளாஸ்க் டப்பாவில் போடுங்கள்.

செய்யக் கூடாதவையும் இரண்டு உண்டு. சுட்ட கோழியில் பிரியாணி செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். பிரியாணியில் அரிசிக்கு ருசி தருவது கறி வேகும்போது விடுகிற சாறு. இது விட வேண்டியதையெல்லாம் கடையிலேயே விட்டுவிட்டு வந்த கறி. மறுபடி மாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பதும் வேண்டாம், மரத்தூளைத் தின்பதுபோல இருக்கும்.

செலவு: எங்கள் பக்கம் முழுக் கோழி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காய், தேங்காய், முந்திரி உடைசலுக்கு 70, புதன் முட்டைக்கும் கீரைக்கும் 50, வியாழன் சில்லறை 40. மொத்தம் 560. நான்கு பேர், நான்கு இரவு, பதினாறு தட்டு. தட்டுக்கு 35 ரூபாய். அரிசி, மாவு, எண்ணெய், கேஸ் இதில் சேரவில்லை, ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் சேரவில்லை. உங்கள் பரோட்டா பார்சல் பில்லை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் தோலை அவர் தட்டில் வைக்க வேண்டாம், கடைக்கோழியில் உப்பு அதிகமாகப் படிந்திருப்பது அங்கேதான். குழம்பிலும் ரசத்திலும் எல்லாம் கொதித்து முடிந்த பிறகு ருசி பார்த்துவிட்டுத்தான் உப்பில் கை வைக்க வேண்டும். பல நாள் உப்பே தேவைப்படாது.

முதல் வாரம் நான்கு இரவையும் ஒரேயடியாக முயற்சி செய்யாதீர்கள். இந்த ஞாயிறு உதிர்த்து, சாறு இறக்கி, திங்கட்கிழமைக் குழம்பு மட்டும் வையுங்கள். மிச்ச நெஞ்சுக்கறி ஃப்ரீசரில் இருக்கட்டும். வடகம் வீட்டில் இல்லை என்றால் அம்மாவிடம் கேளுங்கள். அவருடைய அக்கா தங்கை யாராவது இந்தக் கோடையிலும் போட்டுத்தான் வைத்திருப்பார்கள்.